எம்1 கார்பைனை 1943-ஆம் ஆண்டின் அமைப்புக்குக் கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்1 கார்பைன், இன்று சேகரிப்பாளர்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் போருக்குப் பிந்தைய பாகங்களோடுதான் வருகிறது. அதை ஆலையை விட்டு வெளியேறிய காலத்து அமைப்புக்குத் திருப்புவது பற்றியும், சுடாத மாதிரி ஒன்றை அதே தோற்றத்தில் அமைப்பது பற்றியும் வரும் கேள்விகள் இங்கே உள்ளன.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம்?

1941 அக்டோபரில் ஏற்கப்பட்ட, .30 கார்பைன் தோட்டாவைச் சுடும் இலகுரகத் துப்பாக்கி. நீளம் சுமார் 904 மி.மீ., எடை ஏறத்தாழ 2.4 கிலோ, 15 தோட்டா கொள்ளும் மேகசின். முழு ரைஃபிளைச் சுமக்க முடியாத, ஆனால் பிஸ்டலை மட்டும் நம்பியிருக்கக் கூடாத பீரங்கிப் படையினர், ஓட்டுநர்கள், அதிகாரிகள் போன்றோருக்காக வந்தது. போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். செய்தவர்களில் துப்பாக்கித் தொழிலில் இருந்தது வின்செஸ்டர் மட்டுமே. மற்றவை ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட், சாகினாவ் பிரிவுகள், தட்டச்சு இயந்திரம் செய்த அண்டர்வுட், ஐபிஎம், நேஷனல் போஸ்டல் மீட்டர், குவாலிட்டி ஹார்ட்வேர், ஸ்டாண்டர்ட் புராடக்ட்ஸ், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா. இர்வின்-பெடர்சன் என்ற பத்தாவது நிறுவனம் தொடங்கிய வேகத்திலேயே ஒப்பந்தத்தை இழந்தது. அதன் கிராண்ட் ராப்பிட்ஸ் ஆலையை சாகினாவ் எடுத்துக்கொண்டது.

எல்லாப் பாகத்திலும் ஒரே நிறுவனத்தின் எழுத்து இருந்தால்தான் 'சரியான' கார்பைனா?

இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் அதிகப் பணத்தை வீணாக்குவது இந்த நம்பிக்கைதான். முதன்மை ஒப்பந்ததாரர்கள் ஒருவருக்கொருவர் பாகங்களை மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஆலையில் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் பாகம்) தேங்கிக் கிடக்க, இன்னொன்றில் போல்ட் இல்லாமல் வரிசை நின்றால், தேங்கியதை அங்கே அனுப்பிவிடுவார்கள். இதற்கென்றே ஒருங்கிணைப்புக் குழு ஒன்று இயங்கியது. குவாலிட்டி ஹார்ட்வேர் சொந்தமாகப் பேரலே (குழல்) செய்யவில்லை. அதன் ரிசீவரில் (போல்ட்டும் பேரலும் பொருந்தும், வரிசை எண் உள்ள நடுப் பாகம்) ராக்-ஓலா அல்லது அண்டர்வுட் பேரல் இருப்பது இயல்பு. அதைக் கழற்றி எறிவது உண்மையான ஒன்றைக் கெடுப்பதாகும்.

பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, வடிவத்தை. கார்பைனின் ஏறக்குறைய எல்லாச் சிறு பாகங்களும் 1942-க்கும் 1945-க்கும் இடையே இரண்டு மூன்று முறை வடிவம் மாறின. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அந்த ஆலையில் எந்த வடிவம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அளவுகோல். 1943 தொடக்கத்து ரிசீவரில் 1945-இன் சுழல் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) இருந்தால், அதில் அதே ஆலையின் எழுத்து பொறித்திருந்தாலும் அது தவறுதான்.

எழுத்துகளை வாசிக்க ஒரு விதி போதும்: கடைசி எழுத்து முதன்மை ஒப்பந்ததாரரைக் குறிக்கும், அதற்கு முன் வருவது துணை ஒப்பந்ததாரரை. 'ஐ' இன்லாண்ட், 'டபிள்யூ' வின்செஸ்டர், 'யூ' அண்டர்வுட், 'கியூ' குவாலிட்டி, 'பி' (B) ஐபிஎம், 'ஆர்' ராக்-ஓலா. இன்லாண்ட் கட்டைகளில் (துப்பாக்கியின் மர உடல்) காணும் 'ஓ-ஐ' ஓவர்டன் நிறுவனம் இன்லாண்டுக்குச் செய்தது.

எந்த மாதத்தைக் குறிவைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

ரிசீவரின் வரிசை எண்ணையும், பேரல் முனைக்கு அருகே பொறித்த மாதம்-ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். '2-43' என்றால் 1943 பிப்ரவரி. அது பேரல் செய்த தேதி, துப்பாக்கி கூட்டிய தேதி அல்ல. கூட்டுவது சில வாரங்கள் தள்ளி நடந்திருக்கும். வரிசை எண்கள் ஆலைவாரியாக முன்கூட்டியே தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டவை. ஆகவே இரு ஆலைகளின் எண்களை ஒப்பிட்டு எது மூத்தது என்று சொல்ல முடியாது. பேரல் தேதி ரிசீவரின் காலத்திலிருந்து ஒரு வருடம் விலகியிருந்தால், பேரல் பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மீதியை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அது ஒரு பிரதி அமைப்புதான். விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

1943 தொடக்கத்து இன்லாண்ட் ஒன்றுக்கு என்னென்ன வேண்டும்?

பின் குறியிலிருந்து (குறிபார்க்கும் பின்பக்க உறுப்பு) தொடங்குங்கள். எல் வடிவத்தில் புரளும் எளிய குறி வேண்டும். ஒரு பக்கம் 150 கெஜம், மறுபக்கம் 300 கெஜம். பக்கவாட்டுத் திருகியோடு 100, 200, 250, 300 என்று எண்கள் உள்ள நகரும் குறி பின்னால் வந்தது. அதிலும் இரும்பை வெட்டிச் செய்தது முன்னது, தகட்டில் அழுத்தியது பின்னது. இரண்டும் இங்கே பொருந்தாது.

சேஃப்டி, குறுக்கே தள்ளும் பொத்தான். இதற்குப் பக்கத்திலேயே மேகசின் விடுவிக்கும் பொத்தானும் இருந்ததால், படபடப்பில் சேஃப்டியைத் தள்ளுவதாக எண்ணி மேகசினைத் தரையில் போட்டார்கள். அதனால்தான் மேகசின் பொத்தானில் 'எம்' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். அதுவும் போதாமல் 1945-இல் சுழல் நெம்புகோல் வந்தது. 1943 தொடக்கத்துக்கு 'எம்' இல்லாத பழைய மேகசின் கேட்ச் எடுங்கள்.

போல்ட்டின் மேற்புறம் தட்டையாக இருக்க வேண்டும். நிறம் கருநீலம். உருண்டை மேற்புறமுள்ள போல்ட் பின்னால் வந்தது. வெட்டும் வேலையை மிச்சப்படுத்தச் செய்த மாற்றம். வேலை செய்வதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

பேரலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் முன் வளையம் குறுகியதாக, பயனெட் மாட்டும் காது இல்லாததாக இருக்க வேண்டும். பேரலின் மேலுள்ள மரக் கைக்காப்பின் பின்முனையில் உலோகத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட்டுகள் இரண்டு. நான்கு ரிவெட் பின்னால் வந்தது. ட்ரிகர் ஹவுசிங் (விசைப் பகுதி உட்காரும் கூடு) முழு இரும்பில் வெட்டியது. தகடுகளை ஒட்டிச் செய்தது அல்ல.

கட்டைதான் கடினமானது. வால்நட் மரம். பின்கட்டையில் எண்ணெய்க் குப்பி உட்காரும் துளையின் வெளிவடிவம் ஆங்கில 'ஐ' எழுத்துப் போல் மேலும் கீழும் அகன்றிருக்கும். பின்னர் அது எளிய நீள்வட்டமானது. வலப்பக்கத்தில் ஆபரேட்டிங் ஸ்லைடின் (போல்ட்டை இழுக்கும் பாகம்) கைக்கு மேலே ஓடும் மெல்லிய மரப் பட்டை முழுதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டை எளிதில் உடையும். அதனால் பின்னால் வந்த கட்டைகளில் அதை எடுத்துவிட்டார்கள், பழைய கட்டைகள் பழுதுபார்க்க வந்தபோதும் வெட்டித் தள்ளினார்கள். 'ஐ' துளையும் முழுப் பட்டையும் சேர்ந்த உண்மையான கட்டை கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதை வாங்குங்கள்.

நார்மண்டி காலத்துக்கு அமைத்தால் பயனெட் காது வைக்கலாமா?

வேண்டாம். பயனெட் காதுள்ள வளையம் பரவலானது போரின் கடைசி மாதங்களில். 1944 ஜூனில் கரையிறங்கிய படங்களில் தெரியும் கார்பைன்களில் அது இல்லை. திரைப்படங்களில் இருக்கும், படப்பிடிப்புக்குக் கிடைப்பவை போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கிகள் என்பதே காரணம்.

முன் வளையத்தை மாற்றுவது எப்படி? குறியைக் கழற்றாமல் முடியாதா?

முடியாது. வளையத்தின் மேல் பகுதி பேரலைச் சுற்றி வருகிறது, முன் குறி வழி மறிக்கிறது. சுத்தம் செய்யக் கழற்றும்போது வளையத்தை முன்னுக்கு நகர்த்தினால் போதும். மாற்ற வேண்டுமென்றால் முன் குறி வெளியே வந்தாக வேண்டும்.

மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். வளையத் திருகைத் தளர்த்தி, கட்டையிலுள்ள பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி, வளையத்தை முன்னே தள்ளி, கைக்காப்பை எடுத்துவிட்டு, பேரலைக் கட்டையிலிருந்து தூக்குங்கள். முன் குறியின் அடியில் குறுக்காக ஒரு சிறு ஆணி (pin) இருக்கும். சரியான விட்டமுள்ள பஞ்ச்சால் அதைத் தட்டி எடுங்கள். பிறகு குறியை இழுக்கும் கருவி வேண்டும். திருகு முனை பேரல் வாயில் ஊன்றி, நகங்கள் குறியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். திருகு முனைக்கும் பேரல் வாய்க்கும் நடுவே பித்தளைத் தகடு ஒன்றை வையுங்கள். வாய் விளிம்பில் கீறல் விழுந்தால் குண்டு விலகும்.

சுத்தியலால் பின்னாலிருந்து அடித்துக் கழற்றுபவர்கள் உண்டு. குறியின் காதுகள் வளையும், சில சமயம் உடையும். குறி வந்ததும், பேரல் மேல் ஒரு சிறு அரைவட்டச் சாவித் துண்டு பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். குறி நேராக நிற்பது அதனால்தான். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துவிட்டு வேலை செய்யுங்கள். அது விழுந்து உருண்டால் தேடிக் கிடைப்பது அரிது, அது இல்லாமல் குறியை மாட்டினால் சாய்ந்து நிற்கும்.

பின் குறி டவ்டெயிலில் இறுகிக் கிடக்கிறது. அல்லது புதிதாகப் போட்டது ஆடுகிறது. என்ன செய்வது?

குறி உட்காரும் ரிசீவர் பள்ளமான டவ்டெயிலின் விளிம்பைப் பஞ்ச்சால் அடித்துக் குறியைப் பூட்டியிருப்பார்கள். அந்த அடி வாங்கிய இடம் குறியை விடாது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, குறி தள்ளும் கருவியால் மெல்ல நகர்த்துங்கள். ரிசீவரை வைஸில் நேரடியாக இறுக்க வேண்டாம், மரத் தாடை வையுங்கள்.

பழைய புரளும் குறியைப் போட்டதும் ஆடினால் ரிசீவரை மறுபடி அடிக்காதீர்கள். மெல்லிய பித்தளைத் தாளில் ஒரு துண்டு வெட்டிக் குறியின் அடியில் வைத்துத் தள்ளினால் இறுகும். பொருந்தாமல் இறுக்கமாக இருந்தால் அரத்தை வைக்க வேண்டியது குறியின் அடிப்பாகத்தில், ரிசீவரில் அல்ல. இன்னொரு குறி வாங்கலாம், ரிசீவர் ஒன்றுதான்.

கட்டை உண்மையானதா, புதிதாகச் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்து, குறுக்குப் பீரங்கி முத்திரையை (படைத்துறை இட்ட, இரு பீரங்கிகள் குறுக்காக நிற்கும் அடையாளம்) பாருங்கள். உண்மையான முத்திரை மர நாரை அழுத்தி இறக்கியிருக்கும். எண்பது வருட எண்ணெயும் அழுக்கும் பள்ளத்தின் அடியிலும் படிந்திருக்கும். போலியில் விளிம்பு கூர்மையாக நிற்கும், பள்ளத்தின் அடியில் மரம் வெளிறித் தெரியும், அல்லது பூச்சுக்கு மேல் அடித்திருப்பார்கள். தோள்வார் பள்ளத்துக்குள் உள்ள நிறுவன எழுத்தையும் பாருங்கள். முத்திரை தெளிவாகவும் எழுத்து காணாமலும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ரிசீவரின் பின்முனையைத் தாங்கும் ரிகாயில் தகடு உட்காரும் பள்ளம், ட்ரிகர் ஹவுசிங் உட்காரும் குழி ஆகிய உள் வெட்டுகளே நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆலைக் கட்டையில் கட்டர் சென்ற சுவடு சீராக இருக்கும், மரம் கறுத்திருக்கும். வெளியே கறுப்பு, உள்ளே பால் நிறம் என்றால் அது சாயம்.

பழைய கட்டையைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவது எப்படி?

உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஒரு முறை தேய்த்தால் முத்திரை போய்விடும், உலோகத்தோடு சேரும் விளிம்புகள் தாழ்ந்துவிடும். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடையுங்கள். கறுத்த இடத்துக்கு மட்டும் மிக மெல்லிய எஃகு நூல். நசுங்கிய பள்ளம் இருந்தால் ஈரத்துணியை அதன் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில விநாடி அழுத்துங்கள். நீராவி அழுந்திய நாரை எழுப்பும். வெட்டுப்பட்டு நார் அறுந்த இடம் எழாது. முத்திரைக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது, முத்திரையும் அழுந்திய நார்தானே.

காய்ந்ததும் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையால் மெல்லிய படலமாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. மூன்று நான்கு பூச்சு போதும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாக உறைந்து அழுக்கைப் பிடிக்கும். பாலியூரித்தேன் வார்னிஷ் போட்டால் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெளிவரும் சூட்டில் சுருண்ட துணி தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

புதுக் கட்டையில் மாட்டியதிலிருந்து சுடும் குறி தவறுகிறது. ஏன்?

ரிகாயில் தகட்டின் பொருத்தம். ரிசீவரின் பின் கொக்கியைத் தகட்டில் மாட்டி, முன்பக்கத்தை அழுத்தாமல் விட்டால், பேரல் கட்டையின் முனையிலிருந்து சுமார் 3 முதல் 5 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். வளையத்தை இறுக்கும்போது அந்த இழுவைதான் ரிசீவரைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. பேரல் தானாகவே கட்டையில் படுத்துவிட்டால் பின்பகுதி தளர்வு, ஒவ்வொரு முறை சுடும்போதும் ரிசீவர் வேறு இடத்தில் உட்காரும். தகட்டுத் திருகு முழுதாக இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வேறு தகடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கட்டையைச் செதுக்குவது கடைசி வழி.

தட்டை போல்ட் வாங்கிப் போட்டால் அப்படியே சுடலாமா?

கூடாது. போல்ட்டை மாற்றினால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) மாறும். .30 கார்பைன் தோட்டா, கூட்டின் வாய் விளிம்பில் நின்று அளவு கொள்ளும் வகை. அளவு கூடினால் கூடு பின்னால் தாங்குதல் இல்லாமல் கிழியலாம். அளவுமானி வைத்திருக்கும் துப்பாக்கிப் பழுதாளரிடம் காட்டிய பிறகுதான் சுட வேண்டும். பேரல், கேஸ் பிஸ்டன் நட் (வெடிவாயு தள்ளும் சிறு உருளையைப் பிடிக்கும் நட்) இரண்டையும் தோற்றத்துக்காகக் கழற்றவே வேண்டாம். துப்பாக்கியைக் குலுக்கினால் பிஸ்டன் முன்னும் பின்னும் நகரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் அது நன்றாக இருக்கிறது. அந்தப் பகுதியைப் படைவீரர் கழற்றிச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால்தான், அமெரிக்கா இந்தத் தோட்டாவைத் தொடக்கத்திலிருந்தே துரு ஏற்படுத்தாத பிரைமரோடு செய்தது.

உலோகப் பாகங்களுக்குப் புதிதாகப் பூச்சு ஏற்றலாமா?

ரிசீவருக்கு வேண்டாம். ஆலையில் எல்லாப் பாகமும் ஒரே நிறத்தில் வரவில்லை. சாம்பல், பச்சை கலந்த சாம்பல், கருநீலம் எல்லாம் ஒரே துப்பாக்கியில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கிப் பார்க்கரைஸ் (பாஸ்பேட் பூச்சு) செய்தால் அது பழுதுபார்க்கும் கிடங்கிலிருந்து வந்தது போலவே இருக்கும்.

கிடங்கு முத்திரை உள்ள கார்பைனைத் திருப்பலாமா?

கட்டையில் 'ஏ-ஏ' என்றால் அகஸ்டா ஆயுதக் கிடங்கு, 'ஆர்-ஐ-ஏ' என்றால் ராக் ஐலண்ட். இப்படிப்பட்ட முத்திரையோடு, சுழல் சேஃப்டி, நகரும் குறி, பயனெட் காது எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதை அப்படியே விடுங்கள். அது போருக்குப் பின் படையில் மறுபடி புழங்கியதற்கான சான்று. திருப்புவதற்கு ஏற்றது, கண்டபடி பாகம் கலந்து, கட்டை உடைந்து, பின்னாளில் இறக்குமதி செய்தவர் பொறித்த முத்திரை பேரலில் ஆழமாக விழுந்து கிடக்கும் ஒன்று. கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு, வரிசை எண்ணை எழுதித் துப்பாக்கியோடேயே வையுங்கள்.

யூனிவர்சல் போன்ற நிறுவனங்கள் போருக்குப் பின் செய்த வணிகத் தயாரிப்புகளை அடிப்படையாக எடுக்கலாமா?

யூனிவர்சலின் பிற்காலத் தயாரிப்புகளில் இரண்டு ரீகாயில் ஸ்பிரிங், வேறு ஸ்லைடு. படைத்துறைப் பாகம் உட்காராது. ஆட்டோ-ஆர்ட்னன்ஸ், அண்மைக் காலத்தில் அதே பெயரில் வந்த இன்லாண்ட் போன்றவற்றில் கட்டை, வளையம், குறி போன்றவை பெரும்பாலும் சிறு சரிசெய்தலோடு பொருந்தும். சுடுவதற்கு ஒன்று, காட்ட ஒன்று என்று வைத்துக்கொள்பவர்களுக்கு இது நல்ல வழி. ரிசீவர் மேலுள்ள பெயர் மட்டும் மாறாது.

எம்1ஏ1 மடிப்புக் கட்டை?

பாராசூட் படைக்காக இன்லாண்ட் மட்டும், ஏறத்தாழ 1,40,000 செய்தது. வேறு நிறுவன ரிசீவரில் கண்டால் அது பின்னால் மாட்டியது. இதில் போலி மிக அதிகம். கையில் எடுத்துப் பாராமல் வாங்க வேண்டாம்.

எம்2 பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எடுத்து வைக்கலாமா?

தொடர்ந்து சுடும் வசதிக்கான எம்2 பாகங்களை வைத்திருக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் தொகுப்பே இயந்திரத் துப்பாக்கியாகக் கருதப்படலாம், மாட்டாமல் பெட்டியில் கிடந்தாலும் சரி. 1943 அமைப்பில் அதற்கு இடமும் இல்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

உண்மையான பாகங்களைக் கொண்டு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பது அதன் பாகங்களையும் சேர்த்தது. அஞ்சலில் ஒரு போல்ட் வரவழைப்பதும் குற்றமாகலாம். மிஞ்சுவது சுடாத மாதிரி. ஸ்பெயினின் டெனிக்ஸ் நிறுவனம் உலோகக் கலவையும் மரமும் கொண்ட ஒன்றைச் செய்கிறது. ஜப்பானின் மாருஷின் செய்வது காற்றுத் துப்பாக்கி வகை. எதையும் இறக்குமதி செய்யுமுன் உரிமம் வழங்கும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே மரத்தில் செய்பவர்கள் கட்டைக்குத் தேக்கை எடுக்கிறார்கள். நிறம் ஓரளவு ஒத்துவரும், ஆனால் தேக்கின் எண்ணெய்ப்பசையில் ஆளிவிதை எண்ணெய் சரியாகக் காயாது. முதலில் தின்னரால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். பேரல் 18 அங்குலம் என்ற அளவையும் மொத்த நீளத்தையும் வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டுப் படத்திலிருந்து விகிதத்தில் எடுக்கலாம். பேரலுக்குத் துளையில்லாத உருளைக் கம்பியோ மரமோ போதும். குழாய் வைத்தால் தேவையற்ற கேள்விகள் வரும்.

தோள்வார், குப்பி, பை?

வார் தோலால் ஆனதல்ல, பருத்திப் பட்டை. 1943 தொடக்கத்துக்கு வெளிறிய காக்கி நிறம். கரும்பச்சை பின்னால் வந்தது. வாரின் பின்முனை கட்டையின் துளைக்குள் நுழைந்து, எண்ணெய்க் குப்பியைச் சுற்றி வெளியே வரும். குப்பி இல்லாவிட்டால் வார் நழுவிவிடும், ஆகவே குப்பியை முதலில் வாங்குங்கள். குப்பியின் நீளம் துளைக்குச் சற்றுக் குறைந்தாலும் ஆடும். போலிக் குப்பிகளில் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு மேகசின் கொள்ளும் பை இடைவாருக்காகச் செய்தது. படைவீரர்கள் அதைப் பின்கட்டையில் செருகிக்கொண்டார்கள், படங்களில் நிறையவே தெரியும். நீங்களும் செருகலாம். ஆனால் நிரந்தரமாக விடாதீர்கள். பைக்கு உள்ளே ஈரம் தங்கிக் கட்டையில் கறை விழும், முத்திரை இருப்பதும் பின்கட்டையில்தான்.